இரட்டை எழுத்துக் காசு

சங்கப் புலவர் பெயர்களுள் வடமவண்ணக்கன் தாமோதரனார், வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் என்பன உள. காசின் தரம் நோக்கி நல்லது தீயது உரைப்பவனே வண்ணக்கன் என்பர் அறிஞர். பாட்டு இயற்றியோர் காசையும் படிக்கத் தெரிந்திருந்தனர். அந்தக் கண் நமக்கு மீண்டும் வேண்டியிருக்கிறது.

இராசபாளையத்திலிருந்தும் திருவில்லிபுத்தூரிலிருந்தும் நம்மிடம் பயில வரும் மாணவர் சிலர் பழைய ஒரு ரூபாய்க் காசை நீட்டி, “ஐயா, இதில் எழுத்து இரட்டையாக இருக்கிறது, இலட்சக்கணக்கில் போகுமாமே?” என வினவுகின்றனர். கைப்பேசிக் காணொளிகள் ஊட்டிய ஆசை இது. ஆசை மட்டுமாயின் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால், காசை வாங்கிக்கொள்வதாகச் சொல்வோர் முதலில் கட்டணம் என்றும் வரி என்றும் பணம் கேட்கின்றனர். தன் பெயரைச் சொல்லியே இவ்வாறு கட்டணமும் தரகும் வரியும் கேட்கப்படுவதாகவும், தான் இத்தகைய வணிகத்தில் ஈடுபடுவதில்லை என்றும் 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே மக்களை எச்சரிக்க நேர்ந்தது. நூற்பாலைக் கூலியிலும் தறிக் கூலியிலும் மிச்சம் பிடித்த பணம் இப்படிப் போவதை நாம் வாளா பார்த்திருத்தல் தகுமா?

இந்த ஏமாற்றுக்கு ஒரு சொற்குழப்பமும் துணை நிற்கிறது என்பது நம் கருத்து. எழுத்து இரண்டாகத் தெரியும் காசையெல்லாம் ‘டபுள் டை’ என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். அப்பெயருக்குள் வெவ்வேறு பிறப்புடைய பிழைகள் ஒளிந்துள்ளன.

இதனை விளக்க ஏட்டுச் சுவடியே எளிய துணை. மூல ஏட்டில் ஒரு சொல் பிழைபட்டிருப்பின், பார்த்தெழுதிய படிகள் அனைத்திலும் அப்பிழை தொடரும். எழுதுவோன் கை தவறிய பிழை அவன் எழுதிய படியிலேதான் தொடங்கும். செல்லரித்த துளையோ எழுத்துப் பிழையே அன்று. நாணயச்சாலையில் மூல ஏட்டின் இடத்தில் இருப்பது அச்சு. புடைப்புருவம் கொண்ட தாய் அச்சை எஃகுத் துண்டில் அழுத்தி, காசடிக்கும் குழிவான அச்சை ஆக்குவர். முன்பெல்லாம் ஒரே அழுத்தில் உருவம் முழுதும் பதியாது. காய்ச்சி இளக்கி மீண்டும் அழுத்துவர். மறுமுறை இம்மியளவு விலகினாலும் அச்சிலேயே உருவம் இரண்டாகிவிடும். பின்னர் அவ்வச்சு அடிக்கும் காசெல்லாம் அதே இரட்டையை அதே இடத்தில் காட்டும். இதனை மட்டுமே ‘அச்சிரட்டை’ எனல் வேண்டும்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலை 1955-இல் அடித்த லிங்கன் உருவ ஒரு சென்டு இதற்குப் பெயர்பெற்ற சான்று. ஆண்டெண்ணும் எழுத்துகளும் வெறுங்கண்ணுக்கே இரண்டாகத் தெரியும். 20,000-க்கு மேற்பட்டவை புழக்கத்தில் கலந்தன. அதே ஆண்டின் வேறு சென்டுகள் சிலவற்றில் கடைசி 5 மட்டும் சற்றே இரட்டித்துத் தோன்றும். அது தேய்ந்த அச்சின் விளைவு. அதற்குச் சேகரிப்போர் இட்ட பெயர் ‘ஏழையின் இரட்டை அச்சு’! இரண்டின் விலைக்கும் உள்ள தொலைவு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

இத்தகைய ‘தேய்விரட்டை’யில் எழுத்து ஊதி, ஓரம் மங்கி, விளிம்பை நோக்கி வழிந்தாற்போல் இருக்கும்; சுற்றுப்பரப்பும் ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரக்கும். 1992 முதல் வந்த எஃகு ஒரு ரூபாயை நினைவிற் கொள்க. எஃகு கடினமானது, அச்சைத் தேய்க்க வல்லது. நம்மிடம் வரும் காசுகளுள் பல இவ்வகையினவே.

மற்றொன்று ‘அடியிரட்டை’. அச்சு தளர்ந்து, அடிக்கும் கணத்தில் அசைவதால் நேர்வது. எழுத்தின் ஒரு பக்கம் தட்டையாக நசுங்கிப் படிக்கட்டுப்போல் தாழ்ந்திருக்கும்; எழுத்து மெலியும். அச்சிரட்டையிலோ எழுத்து பருக்கும். இரண்டு உருவமும் திரண்டு நிற்கும். முனையில் தெளிவான பிளவு தெரியும். மெலிந்ததா பருத்ததா, முனை மழுங்கியதா பிளந்ததா என்று பார்ப்பதே பாதி வேலை.

முலாம் பற்றியும் ஒரு சொல். அமெரிக்கச் சென்டு 1982-இன் இடையிலிருந்து துத்தநாகத்தின்மேல் மெல்லிய செம்பு பூசியதாயிற்று. அடிக்கையில் எழுத்தோரத்தில் செம்பு கிழிந்து சாம்பல்நிறக் கோடு தோன்றும். அதை இரண்டாம் எழுத்தென மயங்குவோர் பலர். நம் எஃகு ரூபாயில் முலாமே இல்லை. பொன்னிறம் ஏற்றி விற்கும் காசில் கொப்புளம் கண்டால் அது முலாம் போட்டவர் கைவேலை. நாணயச்சாலைக்கு அதில் பங்கில்லை.

தமிழ்த்துறைக்கு இது ஏன் என்பார் உளர். பாடவேறுபாடு பார்க்கப் பழகிய கண்ணுக்கு இது அயல் வேலையன்று. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்றும் வகுப்பில் ஒரு மணி நேரமும் போதும். ஊர்ப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம்: வீட்டார் யாருக்கேனும் பணம் அனுப்புமுன் காசை நம் துறைக்குக் கொடுத்தனுப்புங்கள். அச்சிரட்டை போல் ஒன்று வாய்த்தால், அதே ஆண்டும் அதே நாணயச்சாலைக் குறியும் உடைய காசுகளை அடுத்துத் தேடுவோம். ஐதராபாத்துக்கு விண்மீன், மும்பைக்குச் சாய்சதுரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறியில்லை. அவற்றுள் ஒன்றிலேனும் அதே பிளவு அதே இடத்தில் கிடைக்கட்டும். அதன்பின் விலை பேசலாம்.