கையெழுத்துப் போட ஆள் இல்லையாம்!



நில அலுவலகக் கவுண்டரில் நீங்கள் அதிகமாகக் கேட்ட வார்த்தை எது? "பெகாவாய் தாக் அடா." அதிகாரி இல்லை. கூட்டத்திற்குப் போயிருக்கிறார், கோர்ஸுக்குப் போயிருக்கிறார், மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்த வாரம் வாருங்கள். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்த தொழிலாளிக்குக் கிடைக்கும் பதில் இதுதான்.

இல்லாதது அதிகாரி அல்ல. அந்த அறையிலேயே நான்கைந்து மூத்த அதிகாரிகள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குக் கையெழுத்திடும் அதிகாரம் கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

கொடுக்கச் சட்டத்தில் இடமில்லையா? தாராளமாக இருக்கிறது. நிலம் மாநில அரசாங்கத்தின் கையில் இருக்கும் விவகாரம். தீபகற்ப மலேசியாவிற்கான 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 13-வது பிரிவு, மாநில அரசு தன் அதிகாரத்தைக் கீழே உள்ள அதிகாரிகளிடம் ஒப்படைக்கலாம் என்கிறது. கெஜட்டில் அறிவித்தால் போதும். வேண்டாம் என்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 12-வது பிரிவின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் நில நிர்வாகியும் அவருக்கு உதவி நிர்வாகிகளும் நியமிக்கப்படுகிறார்கள். பிறகு ஏன் நம்முடைய ஃபைல் மட்டும் ஒரே ஒரு மேசையில் தூங்குகிறது?

இது நமக்குப் புதிய விஷயமும் அல்ல. தோட்டத்தில் பிறந்தவர்கள் நினைத்துப் பாருங்கள். பெரிய துரை லீவில் சீமைக்குப் போனால் சின்ன துரை கையெழுத்துப் போட்டார். மண்டோர் பெரட்டில் பேர் எழுதினார், கிராணி கணக்கு முடித்தார், சம்பள நாள் நிற்கவில்லை. நம் ரத்தத்தை உறிஞ்சிய வெள்ளைக்காரனின் தோட்டத்திற்குத் தெரிந்த வேலைமுறை, நாம் ஓட்டுப் போட்டு அமைத்த மாநில அரசாங்கத்திற்குத் தெரியாதா?

தாமதத்தின் விலை என்ன தெரியுமா? டி.ஓ.எல். எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ வீடுகளும் ஒட்டுக்கடைகளும் சின்னக் கோயில்களும் இந்த ஒரு தாளை நம்பித்தான் நிற்கின்றன. சட்டப்படி அது தொடங்கிய ஆண்டின் டிசம்பர் 31-ஐத் தாண்டாது. வைத்திருப்பவர் இறந்தால் அன்றோடு செத்துவிடும். பிள்ளைக்கு எழுதிவைக்கவும் முடியாது. அப்பா இறந்துவிடுகிறார். அம்மா மரணச் சான்றிதழோடு புதிய விண்ணப்பம் கொடுக்கிறார். ஃபைல் மேசையில் கிடக்கிறது. உரிமம் இல்லாமல் அரசு நிலத்தில் இருப்பது 425-வது பிரிவின் கீழ் குற்றம். நாற்பது வருடம் அந்த வீட்டில் சமைத்த அம்மா, யாரோ பேனாவை எடுக்காததால் அத்துமீறிக் குடியேறியவர் ஆகிறார்! பிறகு நம்மைப் புறம்போக்குவாசிகள் என்பார்கள்.

இடிப்பதற்கு மட்டும் இவர்களுக்குக் கை வலிப்பதில்லை. ஷா ஆலாம் பாடாங் ஜாவா, கம்போங் ரிம்பா ஜெயா ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் 2007 அக்டோபர் 30-இல் இடிக்கப்பட்டது. தீபாவளிக்கு ஒன்பதே நாள். அதிகாரி கோர்ஸுக்குப் போயிருக்கிறார் என்று புல்டோசர் திரும்பிப் போகவில்லை. அடுத்த மாதம் 25-ஆம் தேதி கோலாலம்பூர் தெருவில் நம் மக்கள் ஏன் திரண்டார்கள் என்பதை இன்னும் விளங்காதவர்கள் போல் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். கொடுக்கும் கையெழுத்தைக் கீழே இறக்குங்கள். உரிமம் புதுப்பிப்பது, இறந்தவரின் குடும்பத்திற்கு மாற்றித் தருவது போன்ற வழக்கமான வேலைகளை மாவட்டத்திலுள்ள மூத்த அதிகாரிகளே முடிக்கட்டும். எடுக்கும் கையெழுத்தை மேலே ஏற்றுங்கள். வீட்டையோ கோயிலையோ உடைக்க வேண்டுமென்றால் மந்திரி பெசாரும் ஆட்சிக்குழுவும் பெயர் போட்டுக் கையெழுத்திடட்டும். இப்போது நடப்பது இதற்கு நேர் தலைகீழ்: கொடுப்பதற்கு மேலிடம் வரை போக வேண்டும், உடைக்கும் நோட்டீசைக் கீழே உள்ளவர் நீட்டிவிடுகிறார். தலைவர்களைக் கேட்டால் "எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது" என்பார்கள்.

சின்ன அதிகாரிக்கு அதிகாரம் கொடுத்தால் லஞ்சம் பெருகும் என்று சிலர் சொல்கிறார்கள். காப்பிக் காசு எங்கே கைமாறுகிறது? ஃபைல் காத்துக் கிடக்கும் இடத்தில்தான். ஐந்து மேசை தாண்ட வேண்டிய ஃபைலுக்கு ஐந்து காப்பி. ஒரே மேசையில், பெயர் தெரிந்த ஒருவர் முடிக்கட்டும். தப்பு நடந்தால் யாரைப் பிடிப்பது என்றாவது தெரியும்.

(சிவப்பு அடையாள அட்டைக்கும் இதே கதைதான். அது கூட்டரசின் உள்துறை அமைச்சு. அதைப் பிறகு எழுதுவோம்.)

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்களுக்கு வரும் கடிதத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். "பி.பி." என்று போட்டு ஒருவர் கையெழுத்திட்டிருப்பார். இன்னொருவர் சார்பில் என்று அர்த்தம். யார் சார்பில், எந்த அதிகாரத்தில், எந்தக் கெஜட் அறிவிப்பின்படி என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். உங்கள் கடிதத்தின் நகலில் தேதியோடு 'தெரிமா' முத்திரை குத்தச் சொல்லுங்கள், ஃபைல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1993 முதல் அரசாங்க அலுவலகங்கள் 'பியாகம் பெலாங்கான்' என்று வாக்குறுதிப் பலகை மாட்டி வைத்திருக்கின்றன. எத்தனை நாளில் முடிப்போம் என்று அதில் எழுதியிருந்தால், அந்த எண்ணிக்கையையும் உங்கள் கடிதத்தில் சேருங்கள். மலாயில் எழுத வராவிட்டால் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். முத்திரை விழாமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.