முதலில் அறையைக் கேளுங்கள்



நல்ல ஸ்பீக்கருக்கு எவ்வளவு காசு வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "உங்கள் ஹோல் எத்தனை அடி நீளம்?" என்றுதான்.

இரத்மலானையில் பாட்டுப் பைத்தியமான நண்பர் ஒருவரின் ஹோல் 14 அடி. சீமெந்துச் சுவர், டைல்ஸ் தரை, யன்னலுக்கு மெல்லிய சீலை. நம் வெக்கையில் ஒலி விநாடிக்கு 349 மீற்றர் அளவில் ஓடும். அந்தக் கணக்கில், 41 ஹேர்ட்ஸ் சுரம் 14 அடி இடைவெளிக்குள் அச்சாகப் பொருந்தித் தங்கிவிடுகிறது. பேஸ் கிற்றாரின் அடித்தந்தி தருவதும் அதே சுரம்தான். கதிரை பின்சுவரோடு ஒட்டியிருந்தால் அது கும்மென்று முழங்கும். கதிரையை அறையின் நடுவே போட்டால் காணாமலே போகும். இளையராஜாவின் பேஸை ரசித்துக் கேட்கிற மனிதர் ஸ்பீக்கரைக் குறை சொல்லிக்கொண்டு அடுத்ததற்குக் காசு சேர்க்கிறார்.

இதற்குத்தான் இப்போது டிஜிட்டல் அறைத் திருத்தம் வந்திருக்கிறது. நாம் இருந்து கேட்கும் இடத்தில், காது உயரத்தில், அளவெடுக்கும் மைக்கை நிறுத்தி, 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை ஏறிச் செல்லும் ஒலியை ஸ்பீக்கரில் விடவேண்டும். அறை எந்தச் சுரத்தை ஊதிப் பெருக்குகிறது, எதை விழுங்குகிறது என்பது கணினித் திரையில் மேடும் பள்ளமுமாகத் தெரியும். மேடுகளை மென்பொருள் இறக்கிவிடும். அளவெடுக்க 'ரூம் ஈக்யூ விசார்ட்' இலவசமாகவே கிடைக்கிறது. வீதியில் வாகன இரைச்சல் அடங்கிய பிறகு, மின்விசிறியையும் நிற்பாட்டிவிட்டு அளப்பது நல்லது.

ஹார்வர்டில் 1895இல் அறைக்குள் ஒலி நடந்துகொள்ளும் விதத்தை ஆராய இறங்கிய வொலஸ் சபைனும் இரவில்தான் அளந்தார். வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை விரிவுரை மண்டபத்துக்குச் சுமந்து வந்து, ஓர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, ஓசை அடங்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, விடியமுன் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைப்பார். மெத்தை கூடக்கூட ஓசை சீக்கிரம் அடங்குவதை அவர் கணக்காக்கித் தந்தார்.

அந்தக் கணக்கு நமக்கும் பொருந்தும். டைல்ஸிலும் வெறுஞ்சுவரிலும் தெறிக்கும் எதிரொலியை எந்த மென்பொருளாலும் முழுதாகத் துடைக்க முடியாது. கனத்த திரைச்சீலை, கார்ப்பெட், புத்தகம் நிறைந்த அலுமாரி ஆகியவைதான் அதைக் குடிக்கும். பள்ளங்களிலும் கவனம் தேவை. 10 டெசிபல் உயர்த்த வேண்டுமென்றால் அம்ப்ளிஃபயர் 10 மடங்கு வலுக் கொடுக்க வேண்டும். 5 வொட் போதுமான இடத்தில் 50 வொட். அப்படிக் கொடுத்தாலும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் கூடவே வளர்ந்து அதை அழித்துவிடும். கதிரையை இரண்டடி நகர்த்திப் பார்ப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை.

ஆகவே முதலில் கதிரை, பிறகு சீலையும் கார்ப்பெட்டும், கடைசியில் மைக். திருத்துவதையும் 200, 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே போகப்போக, தலை கொஞ்சம் அசைந்தாலே அளவு மாறிவிடும்.

உங்கள் ஹோலின் நீள அகலத்தையும் கதிரை கிடக்கும் இடத்தையும் எழுதி அனுப்புங்கள். கணக்குப் பார்த்துப் பதில் போடுகிறோம். ஸ்பீக்கர் வாங்குவதை அதுவரை கொஞ்சம் தள்ளிவையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்