பார்ப்பவர் இல்லாத ஆட்டம்



எங்கள் மடவார் வளாகத்துத் தெருக்களில் அஸர் தொழுகைக்குப் பின் பிள்ளைகளின் கைகளில் கிரிக்கெட் மட்டைதான் இருக்கும். ஹாக்கி மட்டையைக் காண்பது அரிது. இத்தனைக்கும் ஹாக்கிக்குப் பெயர் பெற்ற கோவில்பட்டி நமக்கு அண்டை ஊர்!

ஓர் அணி தனக்குரிய ஊரை விட்டு வேறோர் ஊரில் ஆடும்போது அங்கே அதற்கு அன்பர்கள் கிடைப்பார்களா? நம் பக்கத்திலேயே இந்தக் கேள்வி எழுந்தது. தமிழகத்தின் பெயர் தாங்கிய 'தமிழ்நாடு டிராகன்ஸ்' ஆடவர் அணி, 2024 டிசம்பரில் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக் போட்டிகளை ஒடிசாவின் ரூர்கேலாவில் ஆடியது. பெயர் இங்கே, ஆட்டம் அங்கே! 2025 நவம்பர், டிசம்பரிலோ இளையோர் உலகக் கோப்பைப் போட்டி சென்னையோடு நில்லாமல் மதுரைக்கும் வந்தது. 24 நாடுகள் கலந்துகொண்டன. இந்திய அணி ஓமனையும் சுவிட்சர்லாந்தையும் மதுரையில்தான் எதிர்கொண்டது. முடிவில் ஜெர்மனி கோப்பையை வென்றது. இந்தியா மூன்றாம் இடம் பெற்றது.

"ஹஜ்ரத், விளையாட்டைப் பார்ப்பது வீண் பொழுதுபோக்கு அல்லவா?" என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. அவர்கள் ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை, ஊக்குவித்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தாமாகவே போதும் என்று எண்ணும் வரை, அவர்களைத் தம் பின்னால் நிற்க வைத்துப் பார்க்கச் செய்தார்கள். ஆடியவர்கள் வேற்று நாட்டுப் பூர்வீகம் கொண்டவர்கள். பார்த்தவர்களோ மதீனாவின் இல்லத்தார். வந்தவரின் திறமையைக் கண்டு மகிழ்வதும் விருந்தோம்பலில் ஒரு பகுதியே என்பது இதனால் விளங்குகிறதன்றோ?

ஆனால், எதற்கும் வரம்பு உண்டு. தொழுகையைத் தவறவிடலாகாது. பந்தயம் கட்டுவது சூதாட்டம், அது ஹராம். தோற்றவரை ஏளனம் செய்வதும் நமக்கு ஆகாது. மதுரையில் ஓமன் இளைஞர்கள் இந்தியாவிடம் 17 கோல்கள் வாங்கித் தோற்றார்கள். நம் அணியின் வெற்றியில் மகிழும் அதே வேளையில், இறுதிவரை ஓடிய அந்தப் பிள்ளைகளுக்கும் கைதட்டுபவரே உண்மையான ரசிகர்.

1975 உலகக் கோப்பை அரையிறுதியில், கோலாலம்பூரில் மலேசியாவிடம் இந்தியா தோற்கும் நிலையில் இருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அஸ்லம் ஷேர் கான் கோல் அடித்து அணியைக் காப்பாற்றினார். அந்த ஆண்டு கோப்பை இந்தியாவுக்கே கிடைத்தது. அவருடைய தந்தை அஹ்மத் ஷேர் கானும் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஆடியவர். தந்தை கையில் மட்டை இருந்த வீட்டில் மகன் கையிலும் அது வந்து சேர்ந்தது.

இதில்தான் நமக்குரிய பாடம் இருக்கிறது. விளம்பரப் பலகைகளும் கோப்பை ஊர்வலங்களும் ஒரு வாரக் கூட்டத்தைச் சேர்க்கலாம். ஒரு தலைமுறையைச் சேர்க்க மாட்டா. கோவில்பட்டியில் ஹாக்கி நிலைத்ததற்குக் காரணம், அங்கே பிள்ளைகள் ஆடுகிறார்கள். பெரியவர்கள் நின்று பார்க்கிறார்கள். ஆகவே அடுத்த முறை மதுரையில் நல்ல ஆட்டம் நடக்கும்போது, அத்தாமார்களே, மகனை மட்டுமல்ல, மகளையும் அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வந்தபின், பிள்ளை ஒரு மட்டை கேட்டால் மறுக்காதீர்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு உடல் வலிமையையும் உயர் பண்பையும் தந்தருள்வானாக! ஆமீன்.