விராலும் சீஸும்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தைச் சுற்றிய ஊர்களில் பாலுக்குப் பஞ்சமில்லை. மழை பொய்க்காத ஆண்டில் கண்மாய் மீனுக்கும் பஞ்சமில்லை. இரண்டும் ஒரே தட்டில் சேர்வதுதான் அரிது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவின் ஊரிலேயே, மீனோடு பால் சேர்ந்தால் தோலில் வெண்புள்ளி விழும் என்ற அச்சம் இன்னும் குறுக்கே நிற்கிறது. வெண்புள்ளி உணவால் வருவதல்ல; உடலின் எதிர்ப்பாற்றல் தன் நிறமிச் செல்களையே தாக்குவதால் வருவது. வங்காளிகள் தலைமுறை தலைமுறையாக மீனைத் தயிரிலும் வேகவைக்கிறார்கள். ஆகவே, முள் குறைந்த, வெள்ளைச் சதை கொண்ட விராலைத் துண்டு போட்டு, மிளகும் பூண்டும் தடவி, மேலே சீஸைத் துருவி, 200 டிகிரி ஓவனில் கால் மணி நேரம் வைப்பதுதான் வேலை முடிந்து களைத்து வருகிறவருக்கு ஏற்ற இரவுச் சாப்பாடு என்பேன். மீன் ருசியைச் சீஸ் அமுக்கிவிடும் என்பார்கள். புளிக்குழம்பு மட்டும் என்ன செய்கிறதாம்? ஓவன் இல்லையென்றால் மூடி போட்ட தோசைக்கல் போதும், மேல்பக்கம் சிவக்காது, அவ்வளவுதான். சீஸுக்குப் பதில் பன்னீர் என்றால் மட்டும் ஒப்பமாட்டேன்: புளிப்பு விட்டுத் திரித்த பால் சூட்டில் உருகாது. உப்பைக் குறைத்தே போடலாம், சீஸிலேயே இருக்கிறது.