செஞ்சிக்கு சைக்கிளில் போக வழி இருக்கு... வழிகாட்டும் போர்டுதான் இல்லை!

2025 ஜூலை 11. பாரிஸில் நடந்த யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழுவின் 47-வது கூட்டத்தில், மராட்டியர்களின் 12 கோட்டைகளுக்கு ஒரே தொகுப்பாக அங்கீகாரம் கிடைத்தது. அதில் 11 கோட்டைகள் மகாராஷ்டிராவில் இருக்கின்றன. மிச்சம் ஒன்று, 1677-ல் சிவாஜி கைப்பற்றிய நம்ம செஞ்சி.

அறிவிப்பு வந்த கையோடு பார்க்கிங், பஸ் வசதி, ஹோட்டல் என்று பேச்சு கிளம்பிவிட்டது. யாரும் பெரிதாகக் கேட்காத கேள்வி ஒன்று இருக்கு. திண்டிவனம் ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து சுமார் 28 கி.மீ. தள்ளியிருக்கும் செஞ்சிக்கு ஒருவர் சைக்கிளில் போக முடியுமா? முடியும். ஆனால் எந்த வழியாகப் போகலாம் என்று சொல்ல ஒரு போர்டுகூடக் கிடையாது.

'28 கி.மீ. சைக்கிளா? யாருங்க போவாங்க?' என்று தோன்றலாம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சென்னை – திருச்சி நெடுஞ்சாலையைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஹெல்மெட், பின்னால் சிவப்பு லைட் சகிதம் வரிசையாக சைக்கிள்கள் போகும். 'ப்ரெவே' எனப்படும் நீண்டதூர சைக்கிள் பயணங்களை இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா அமைப்பு ஒருங்கிணைக்கிறது. 200 கி.மீ. தூரத்தை 13.5 மணி நேரத்திலும், 600 கி.மீ. தூரத்தை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும் என்பது கணக்கு. கடிகாரத்தோடு ஓடுகிற இவர்களுக்கு வழியில் வரும் ஊர் ஒரு டீ, ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். சாலையிலிருந்து 5 கி.மீ. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க நேரமிருக்காது.

ஆனால், உள்ளேதான் எல்லாமே இருக்கிறது.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால்...

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் வழியில், பிரதான சாலையை விட்டு விலகினால் மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊர். தமிழ்நாட்டில் சமணம் என்றால் பாடப்புத்தகத்தோடு முடிந்துபோன சங்கதி என்று நினைப்பவர்களுக்கு, இந்த வட்டாரத்துக் கிராமங்களில் இன்றும் வாழும் சமணக் குடும்பங்கள் ஒரு ஆச்சரியம். இன்னும் மேற்கே போனால் செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று. ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களையும் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்டதைச் சொல்லும் கல்வெட்டும் அங்கே உண்டு. 'ஐ' என்ற எழுத்தின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று அதில் இருப்பதாகக் கல்வெட்டு ஆய்வாளர்கள் குறிப்பிடுவார்கள். கொஞ்ச தூரத்தில் சிங்கவரம், பாறையைக் குடைந்த கோயிலில் பள்ளிகொண்ட ரங்கநாதர்.

செஞ்சியிலிருந்து விழுப்புரம் பக்கம் இறங்கினால் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கட்டியதாக மகேந்திரவர்மப் பல்லவன் கல்லில் பெருமை அடித்துக்கொண்ட குடைவரை இதுதான். தமிழ்நாட்டுக் கட்டடக்கலை பற்றி யார் எழுதினாலும் தவறாமல் வரும் இடம்.

தென்கிழக்கே, புதுச்சேரி பக்கமாகப் போனால் மயிலம் முருகன் கோயில், அதைத் தாண்டி திருவக்கரை. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கும் பூங்கா அங்கே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னரா 1780-களிலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். கடலோரம் போனால் மரக்காணம் உப்பளங்களும் கழுவேலியும். தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரியான கழுவேலி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2024-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

இவை எல்லாமே திண்டிவனத்திலிருந்து ஒரு நாள் சைக்கிள் தூரத்துக்குள் வருபவை. செஞ்சி மலைகளை விட்டால் நிலம் பெரும்பாலும் சமவெளி. வேர்க்கடலைக் கொல்லை, கரும்பு, நெல், ஏரி, மறுபடியும் ஏரி. (விதைக்கடையில் 'டி.எம்.வி.' என்று ஆரம்பிக்கும் கடலை, எள் ரகங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மூன்று எழுத்தும் திண்டிவனம்தான். இங்குள்ள எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை.)

காரில் போனால் இந்த இடங்கள் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரியும். சைக்கிளில் போனால்தான் நடுவில் இருக்கும் ஊர்களும் கண்ணில் படும்.

பெல்ஜியத்தில் ஒரு சுரங்கக்காரர் செய்த வேலை

வெளிநாட்டில் இதை எப்படிச் சமாளித்தார்கள்? இங்கே உதவக்கூடிய உதாரணம் பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணம். நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்த பகுதி அது. சுரங்கத்துக்குள் வழி தவறாமல் இருக்க, பாதைகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் கொடுத்திருந்தார்கள். அங்கே பொறியாளராக இருந்த ஹியூகோ போலன் அதே யோசனையைத் தரைக்கு மேலே, சைக்கிள் பாதைகளுக்குக் கொண்டுவந்தார். 1995-ல் லிம்பர்க்கில் அந்த வலைப்பின்னல் தொடங்கியது. பிறகு பெல்ஜியத்தின் மற்ற பகுதிகளுக்கும் நெதர்லாந்துக்கும் பரவியது.

முறை ரொம்ப சிம்பிள். கிராமச் சாலைகள் சந்திக்கும் இடங்களுக்கு எண் போடுவார்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் அடுத்தடுத்த எண்கள் எந்தப் பக்கம் என்று சின்னப் பலகை காட்டும். நீங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது '12, 17, 23, 9' என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டால் போதும். களைப்பாக இருந்தால் 17-லேயே திரும்பிவிடலாம். மொபைலில் சார்ஜ் போனாலும் கவலையில்லை.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, இந்த வலைப்பின்னல் பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த சாலைகளையும் கால்வாய்க் கரைகளையும் வைத்தே உருவானது. வாகனம் குறைவாகப் போகும் வழிகளைத் தேர்ந்தெடுத்துக் கோத்தார்கள். இந்தியாவில் 'சைக்கிள் பாதை' என்றதும் நமக்கு வருவது வேறு கற்பனை. ஹைதராபாத் வெளிவட்டச் சாலையை ஒட்டி 2023-ல் 23 கி.மீ. நீளத்துக்கு சோலார் கூரையோடு திறந்தார்களே, அது மாதிரி. பார்க்க அசத்தலாக இருக்கும். ஆனால் வானூர் தாலுகாவுக்கு சோலார் கூரை தேவைப்படவில்லை, அம்புக்குறி இருந்தால் போதும்.

வானூர் என்றதும் ஆரோவில் ஞாபகம் வரலாம். 1968-ல் தொடங்கிய ஆரோவிலின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. மரங்களுக்கு நடுவே செம்மண் சைக்கிள் தடங்களை இந்த மாவட்டத்திலேயே பார்க்க வேண்டுமென்றால் அங்கே போகலாம். ஆனால் அவை ஆரோவில் எல்லைக்குள் சுற்றுபவை. கழுவேலிக்கோ திருவக்கரைக்கோ உங்களைக் கொண்டுபோய் விடாது.

சரி, தடை என்ன?

பணம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல், இந்த வழி யாருக்குச் சொந்தம் என்பது.

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கு ஊர்கள் வழியாக ஒரு பாதை போடுவதாக வைத்துக்கொள்வோம். நகருக்குள் இருப்பது நகராட்சி சாலை. கிருஷ்ணகிரி போகும் என்.எச். 77-ஐ எங்காவது கடந்தாக வேண்டும், அது தேசிய நெடுஞ்சாலை. பிறகு மாநில நெடுஞ்சாலைத் துறையின் மாவட்டச் சாலை வரும், அடுத்து ஊராட்சி ஒன்றியச் சாலை. ஏரிக்கரை மேல் போனால் இன்னொரு குழப்பம். 100 ஏக்கருக்கு மேல் பாசனம் கொண்ட ஏரி என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். கடைசியில் கோட்டை வாசலில் இந்தியத் தொல்லியல் துறை. வழியெல்லாம் சுற்றுலாத் துறை எங்கே என்று கேட்டால், அதன் கையில் சாலையே கிடையாது!

ஒரு 30 கி.மீ. பாதைக்குள் இத்தனை கதவுகளைத் தட்ட வேண்டும். ஒவ்வொரு துறையும் தன் துண்டை மட்டும் பார்க்கும். முழுப் பாதையையும் பார்க்க ஆள் இல்லை. லிம்பர்க்கில் நடந்தது, மாகாண அளவில் ஒரே அமைப்பு பலகைகளுக்கும் வரைபடத்துக்கும் பொறுப்பேற்றது. சாலை யாருடையதாகவும் இருக்கட்டும், அம்புக்குறி எங்களுடையது என்ற ஏற்பாடு. நம்ம ஊரில் அந்த இடத்தில் உட்காரக்கூடியவர் மாவட்ட ஆட்சியர் மட்டும்தான்.

மத்திய அரசும் சைக்கிளைக் கிராமத்தோடு சேர்த்து யோசித்ததில்லை. கொரோனா காலத்தில், 2020-ல் வந்த 'இந்தியா சைக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச்' சவால் நகரங்களுக்கானது. வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற அமைச்சகம் நடத்தினால் அப்படித்தானே இருக்கும்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 44.8 சதவிகிதக் குடும்பங்களிடம் சைக்கிள் இருந்தது. அதில் பெரும்பகுதி கிராமங்களில்.

ஏற்கெனவே ஓட்டுபவர்கள்

இந்த விவாதத்தில் வழக்கமாக விட்டுப்போகும் விஷயம் இதுதான். விழுப்புரம் மாவட்டத்துச் சாலைகளில் சைக்கிள் ஓட்டுபவர்கள் சென்னையிலிருந்து வர வேண்டியதில்லை. காலை எட்டரை மணிக்கு எந்த அரசு மேல்நிலைப் பள்ளி வாசலில் நின்றாலும் தெரியும். 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், பின்னர் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் 1 மாணவர்களுக்கும் விரிந்தது. அதற்கும் முன்னால், 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள். ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். சைக்கிள் வந்ததும் தண்ணீர் எடுக்கப்போகும் நேரமும், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரமும் குறைந்தன.

சைக்கிள் கொடுத்தோம். ஓட்ட இடம் கொடுத்தோமா?

நான்குவழிச் சாலை வந்த பிறகு, எதிர்ப்பக்கம் இருக்கும் பள்ளிக்கோ கொல்லைக்கோ போக, மீடியனில் இடைவெளி இருக்கும் இடம்வரை சுற்ற வேண்டும். யாரும் சுற்றுவதில்லை. சாலை ஓரத்திலேயே எதிர்த்திசையில் ஓட்டுகிறார்கள். திருவக்கரை சுற்றுவட்டாரத்தில் கல்குவாரிகளும் கிரஷர்களும் அதிகம். குறுகலான சாலையில் டிப்பர் லாரி வந்தால் சைக்கிள் மண்ணில் இறங்கியே ஆக வேண்டும். வேடிக்கை பார்க்க வருபவருக்கு இது ஒரு நாள் பயம், பிளஸ் 1 மாணவிக்கு தினசரி.

அதனால் சைக்கிள் பாதை என்பதை வெறும் சுற்றுலாவாக மட்டும் வடிவமைத்தால் பாதி வேலைதான் ஆகும். பாதையைக் கோக்கும்போதே பள்ளி, பால் சொசைட்டி, ரேஷன் கடை, பஸ் ஸ்டாப் வழியாகக் கோத்தால் பலன் இரண்டு மடங்கு. என்.எச்.-ஐக் கடக்கும் ஒரு பாதுகாப்பான இடம் கிடைத்தால், அதைச் சுற்றுலாப் பயணி வருஷத்துக்கு ஒருமுறை பயன்படுத்துவார், ஊர்க்காரர்கள் தினமும் நாலு முறை.

எதிர்க்கேள்விகளும் நியாயமானவையே. ஊருக்குள் வெளியாட்கள் கும்பலாக வந்து, நாற்று நடுபவர்களை அனுமதி கேட்காமல் போட்டோ எடுத்தால் யாருக்குப் பிடிக்கும்? ஈ.சி.ஆர். ஓரத்தில் நடந்ததுபோல, 'டூரிஸ்ட் ஸ்பாட்' என்ற பெயர் வந்ததும் மனைப்பிரிவு போர்டுகள் முளைக்கும் என்ற பயமும் இருக்கிறது. ஏரிக்கரையில் தார் போட்டால் அதில் முதலில் ஓடுவது சைக்கிள் அல்ல, டிராக்டரும் பைக்கும்தான். பெண்கள் தனியாகவோ இருவராகவோ வருவதற்கு, வழியில் நம்பிப் போகக்கூடிய கழிப்பறை வேண்டும். போர்டு வைப்பதைவிடக் கஷ்டமான வேலை இது. டீக்கடை, பள்ளிக்கூடம், பெட்ரோல் பங்க் ஆகியவற்றோடு பேசி ஏற்பாடு செய்ய வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் அம்புக்குறியை மட்டும் நட்டால், இரண்டு மழையில் அது துருப்பிடித்துவிடும்.

இப்போதே போக நினைத்தால்?

டிசம்பர் பிற்பாதியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். கழுவேலியில் வலசைப் பறவைகளும் அப்போதுதான் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஒன்பது மணிக்கு மேல் இந்தப் பகுதியில் சைக்கிள் ஓட்டுவது வம்பு. அக்டோபர், நவம்பரில் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். 2024-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. நீங்கள் நம்பியிருக்கும் தரைப்பாலங்கள் அந்த மாதிரி நேரத்தில் தண்ணீருக்கு அடியில் இருக்கும்.

சைக்கிளை ரயிலில் கொண்டுவர, லக்கேஜாக புக் செய்ய வேண்டும். திண்டிவனத்தில் பல ரயில்கள் ஓரிரு நிமிடமே நிற்கும் என்பதால், முந்தைய நாளே பார்சல் ஆபீஸில் விசாரித்துவிடுவது நல்லது. செஞ்சியில் ரயில் நிலையம் இல்லை. 2006-07 பட்ஜெட்டில் வந்த திண்டிவனம் – செஞ்சி – திருவண்ணாமலை ரயில் பாதை இன்னும் ஓடவில்லை. எனவே போன வழியே திரும்பாமல், செஞ்சியிலிருந்து மண்டகப்பட்டு பார்த்துவிட்டு விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் ஏறுவது வசதி. பஞ்சர் கிட், பம்ப், மாற்று டியூப் கையில் இருக்கட்டும். ஊருக்கு ஊர் சைக்கிள் கடை இருக்கும், ஆனால் கியர் சைக்கிளின் டியூப் அங்கே கிடைக்காது.