ஐந்து முகங்களும் ஓர் எழுத்துருவும்

சென்ற மாதத்தில் ஒரே வாரத்திற்குள் இரண்டு நிகழ்வுகள் நமக்கு நேர்ந்தன. திருவாரூரில் பஞ்சமுக வாத்தியத்தை முதன்முறையாக நேரிற் கண்டோம். நாம் பணிபுரியும் அலுவலகத்தின் கணினிகள் அனைத்தும் புதியனவாக மாறின. முன்னதைப் பேறு என்றும் பின்னதைத் தொல்லை என்றும் தனித்தனியே எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே சொல்லில் வந்து சந்தித்துக்கொண்டமையால் சேர்த்தே எழுத வேண்டியதாயிற்று.

திருவாரூர் என்றவுடன் ஆழித்தேரும் கமலாலயக் குளமும் நினைவுக்கு வரும். இசை நாட்டம் உடையோர்க்குத் தியாகராசர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகிய மூவரும் பிறந்த ஊர் என்பது நினைவுக்கு வரும். நாமும் அவற்றையே எண்ணிக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்தோம். பஞ்சமுக வாத்தியத்தைப் பற்றி எப்போதோ படித்தது உண்டு. படித்தது மறந்தும் போயிருந்தது. ஆகவே கண்முன் நின்ற அப்பொருளை முதலில் ஏதோ பெரிய தண்ணீர்க் கொப்பரை என்றே நினைத்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

அது ஒரு பெரிய வெண்கலக் குடம். குடத்திற்கு வாய் ஒன்றுதானே இருக்கும்? இதற்கு ஐந்து. நடுவில் பெரிய வாய்; அதனைச் சூழ்ந்து நான்கு சிறிய வாய்கள். ஒவ்வொன்றின்மீதும் தோல் போர்த்தி இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. தோளில் மாட்டிக்கொண்டு நடக்கக்கூடிய கனம் அன்று; ஆதலால் சக்கரம் பூட்டிய தாங்கியில் நிற்கிறது. சிவபெருமானின் சத்தியோசாதம், வாமதேவம், அகோரம், தத்புருடம், ஈசானம் என்னும் ஐந்து முகங்களே இதன் முகங்கள் என்பது மரபு. பழம்பாடல்களில் வரும் குடமுழாவோடு இதனை இணைத்துப் பேசுவர். இதனை இசைக்கும் உரிமை பாரசைவர் என்னும் மரபினர்க்கு வழிவழியாக வந்தது.

மாலை வழிபாட்டு வேளையில் அதன் ஒலியைக் கேட்டோம். ஒரே உடலிலிருந்து ஐந்து குரல்கள் எழுந்தன. தவிலின் ஒலி தாக்கும். மிருதங்கத்தின் ஒலி பேசும். இதன் ஒலியோ குடத்துக்குள் போய்ச் சுழன்று, சற்றுத் தாமதித்து, வெளியே வருவது போல் இருந்தது. நாம் குடத்தின் வேலைப்பாட்டையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அருகில் நின்ற முதியவர் ஒருவர் மெல்லச் சொன்னார்: "குடத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே தம்பி, கையைப் பாருங்க."

பார்த்தோம். கை எந்த முகத்திலிருந்து எந்த முகத்திற்குத் தாவுகிறது, எங்கே அழுத்துகிறது, எங்கே தொட்டும் தொடாமலும் விடுகிறது என்பதை நம் கண்ணால் தொடர முடியவில்லை.

ஊர் திரும்பும் வழியெல்லாம் ஒரே எண்ணம். நம் அலுவலகத்தில் முன்னாளில் மெய்ப்புத் திருத்துநராக இருந்த பெரியவர் ஒருவர் இசைக்கருவிச் சொற்களைப் பல்லாண்டு திரட்டி வைத்திருந்தார். ஏறத்தாழ 600 சொற்கள். நூல்களிலிருந்து எடுத்தவை சில. நாகசுரம் கடைபவர்களிடமும், தவிலுக்குத் தோல் கட்டுபவர்களிடமும், கோயில் மேளக்காரர்களிடமும் கேட்டுக் குறித்தவையே மிகுதி. நாகசுரத்தின் சீவாளி, அனசு, தவிலின் வளந்தலை, தொப்பி, இவை போன்றவை. 2002ஆம் ஆண்டில் அவரே தட்டச்சு செய்து கணினியில் ஏற்றினார். 2011ல் அவர் மறைந்தார். குடமுழாவைப் பற்றி அவர் என்ன குறித்திருக்கிறார் என்று திங்கட்கிழமை சென்றவுடன் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டோம்.

திங்கட்கிழமை சென்றபோது மேசைமேல் புதிய கணினி இருந்தது. பழைய இயந்திரங்களைப் பழம்பொருள் கொள்வோர் சனிக்கிழமையே ஏற்றிச் சென்றுவிட்டனராம். புதியவற்றை அமைத்துத் தந்த இளைஞர் மிகப் பணிவானவர். "எல்லா ஃபைலும் வந்துடுச்சு சார், ஒண்ணுகூட மிஸ் ஆகல" என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. அந்தக் கோப்பும் வந்திருந்தது. பெயர் சரி, நாள் சரி, அளவும் சரி. திறந்தால் தலைமேல் புள்ளியும் கோடும் சுமந்த ஐரோப்பிய எழுத்துக்கள், நாணயக் குறிகள், பிறைக்கோடுகள், இடையிடையே கட்டங்கள். 600 சொற்களில் ஒன்றைக்கூடப் படிக்க இயலவில்லை.

அந்நாட்களில் தமிழ் தட்டெழுதியவர்களுக்கு இது புதிய கதை அன்று. மற்றவர்களுக்காகச் சுருங்கச் சொல்கிறோம். அன்றைய எழுத்துருக்களில் இருந்தவை 256 இடங்களே. அவற்றுள் முதற்பாதி ஆங்கிலத்திற்கு. எஞ்சிய இடங்களில் தமிழை அவரவர் தமக்குத் தோன்றியபடி அமர்த்தினர். பாமினி போன்ற சில எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்களின் இருக்கைகளிலேயே தமிழை உட்காரவைத்தன. இக்குழப்பத்தைத் தீர்க்கத் திஸ்கி வந்தது; 1999ல் தமிழக அரசின் தாப், தாம் தரங்கள் வந்தன. ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலிருந்தே தமிழுக்கு இடம் உண்டு. ஆயினும் அது எல்லாக் கணினிகளிலும் புழக்கத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது 2010ல். இடைப்பட்ட காலத்தில் தமிழர்கள் எழுதிக் குவித்ததற்கு அளவில்லை. அவற்றுள் எந்த எண் எந்த எழுத்து என்பது கோப்பில் இராது, எழுத்துருவில்தான் இருக்கும். எழுத்துரு போனால் கோப்பு வெறும் எண்வரிசை. நம் பெரியவர் பயன்படுத்தியதோ ஓர் அச்சகத்தார் தம் தேவைக்கெனச் செய்துகொண்ட எழுத்துரு. பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் புகழ்பெற்ற குறியேற்றங்கள் பலவற்றை அறியும்; இதனை அவை அறியா.

பிழை யாருடையது? அந்த இளைஞருடையது அன்று. கோப்புகளைக் கொண்டுவந்து சேர்ப்பதே அவர் ஏற்ற பணி. நம்முடையதே. பதினான்கு ஆண்டுகளாக அக்கோப்பைத் திறக்காதிருந்தோம். எழுத்துருவைத் தனியே எடுத்துவைக்கவில்லை. பழைய கணினியில் அது சரியாகத் தெரிந்தவரை, அதற்கொரு திறவுகோல் உண்டு என்பதே நம் எண்ணத்தில் எழவில்லை.

பழைய இயந்திரமே போதும் என்று வாதிடுவது நம் நோக்கம் அன்று. அது காலையில் உயிர்பெறவே ஒரு தேநீர் நேரம் ஆகும், பாதுகாப்பும் காலாவதியாகிவிட்டது. மாற்றியே ஆகவேண்டும். பஞ்சமுக வாத்தியத்திற்கும் தோல் மாற்றாமல் இருக்க முடியுமா? தோல் கிழியும், புதுத் தோல் போர்த்த வேண்டும். மாற்றம் என்பது பராமரிப்பின் ஒரு பகுதி. நம் மனக்குறை வேறு. மாற்றும்போது யாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்றுகிறோம் என்பதுதான் கேள்வி.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று அதே தஞ்சை மண்டலத்தில் உண்டு. முற்காலத்தில் நாகசுரக்காரர்கள் பெரிதும் வாசித்தது திமிரி என்னும் குறுகிய, சுருதி உயர்ந்த கருவி. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898-1956) நீண்ட, சுருதி தாழ்ந்த பாரி நாகசுரத்தைக் கையிலெடுத்து நிலைபெறச் செய்தார். அதற்கேற்ற கருவியை நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்து தந்தார். சுத்த மத்திமம் பிசகாமல் ஒலிக்க வேண்டும் என்பது வித்துவானின் வேண்டுகோள். அதைத் துளையில் கொண்டுவருவது ஆசாரியின் திறம். அந்த ஊரின் நாகசுரத்திற்கு 2022ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்றைய மொழியில் இதுவும் ஒரு மேம்படுத்தல்தான். ஆனால் வாசிப்பவர் ஊரில் இல்லாத சனிக்கிழமையில், பழைய நாகசுரத்தை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுச் செய்த மேம்படுத்தல் அன்று.

மறுபுறத்துக்கு யாழ் இருக்கிறது. பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என்று சிலப்பதிகார உரை கணக்குச் சொல்கிறது. பத்தர், கோடு, திவவு, போர்வை, ஆணி என்று உறுப்புகளின் பெயர்களெல்லாம் இலக்கியத்தில் பத்திரமாக உள்ளன. மீட்டிய கை மட்டும் தொடர்ச்சி அறுந்துவிட்டது. விபுலானந்த அடிகள் அச்சொற்களையும் சுருதிக் கணக்கையும் கொண்டு அதனை மீட்டெடுக்கத் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டார். அவரது யாழ் நூல் 1947ல் கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாக அரங்கேறியது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். அச்சொற்களேனும் எஞ்சியிராவிடில் அவ்வுழைப்புக்கும் இடமிருந்திராது. அதனால்தான் 600 சொற்கள் கொண்ட ஒரு கோப்பு நமக்குச் சிறியதாகப் படவில்லை.

கோப்பின் கதையை முடித்துவிடுகிறோம். இரும்பு அலமாரியில் தேடியபோது, பெரியவர் திருத்தத்திற்கென அச்செடுத்திருந்த நான்கு தாள்கள் கிடைத்தன. அவற்றையும் திரையையும் அருகருகே வைத்து எந்தக் குறி எந்த எழுத்து என்று பட்டியலிடத் தொடங்கினோம். பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தை அடுக்குபவை; 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். ஒருங்குறியிலோ ககரம் முன்னே வரவேண்டும். ஔகாரத்தின் பின்குறிக்கு ளகரத்தையே தட்டும் வழக்கமும் அன்று இருந்தது. ஆகையால் 'வௌவால்' என்பதன் முதலெழுத்தையும் 'வெளவெளத்தது' என்பதன் தொடக்கத்தையும் இயந்திரம் வேறுபடுத்தி அறியாது. மனிதர்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவருடன் பணியாற்றிய நண்பர் ஒருவரும் நாமுமாக ஐந்து மாலைகள் உட்கார்ந்தோம். ஏறக்குறைய எல்லாச் சொற்களும் மீண்டன.

குடமுழாவும் மீண்டது. அப்பதிவில் இருந்தவை மூன்றே தொடர்கள்: "ஐம்முகம். பேச்சில் பஞ்சமுகம். கையடிகளின் பெயர்கள் தனித்தாளில்." அந்தத் தனித்தாள் எங்கும் கிடைக்கவில்லை.

பதிவின் இறுதியில் இரண்டு நட்சத்திரக் குறிகள் இருந்தன. பட்டியல் நெடுகவே இப்படித்தான். சில சொற்களுக்கு ஒரு நட்சத்திரம், சிலவற்றுக்கு இரண்டு, சிலவற்றுக்கு ஒரு சிறு வட்டம். நேரிற் கேட்டது என்று பொருளா? ஐயத்திற்குரியது என்று பொருளா? மீண்டும் சென்று விசாரிக்க வேண்டியது என்று பொருளா? நண்பருக்கும் தெரியவில்லை. குடுமியான்மலைப் பாறைச் சரிவில், ஏழாம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் இசைக் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. சுர எழுத்துக்கள் வரிவரியாக, சிதையாமல், பல்லவ கிரந்தத்தில் நிற்கின்றன. சில எழுத்துக்களின் தலைமேல் புள்ளிகள் உண்டு. அப்புள்ளிகள் எதைக் குறிக்கின்றன என்பதில் அறிஞர்கள் இன்றும் கருத்து வேறுபடுகின்றனர். கல்லில் வெட்டியதற்கே இந்நிலை என்றால், வன்தட்டில் எழுதியதற்கு என்ன சொல்வது?

ஆதலால் நம் வேண்டுகோள் எளியது. அலுவலகக் கணினியை மாற்றுமுன், பொறுப்பில் இருப்போர் ஒவ்வொரு மேசைக்கும் சென்று, நீண்ட நாள் பணிபுரிவோரிடம் "இதில் உங்களுக்கு மட்டும் தெரிந்தது ஏதேனும் உண்டா?" என்று ஒருமுறை கேட்கட்டும். பழைய இயந்திரங்களுள் ஒன்றையாவது ஆறு மாதம் மூலையில் வைத்திருக்கட்டும். பழந்தமிழ்க் கோப்புகளோடு எழுத்துருவையும் சேர்த்துப் படியெடுத்து, ஒருங்குறிக்கு மாற்றி, சில பக்கங்களைத் தாளில் அச்சிட்டு வைக்கட்டும். நம்மை இம்முறை காத்தவை நான்கு தாள்களே. உங்கள் வீட்டிலும் தந்தையாரோ தமக்கையாரோ இருபது ஆண்டுகளுக்கு முன் தட்டெழுதிய கோப்புகள் இருக்கலாம். எழுதியவர்கள் இருக்கும்போதே அவற்றைத் திறந்து பாருங்கள். ஓரத்தில் ஏதேனும் குறி தென்பட்டால் அதன் பொருளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் தனித்தாளில் என்ன இருந்தது என்று அறிய நமக்கு இப்போது ஒரே வழிதான் உண்டு. அடுத்த மாதம் மீண்டும் திருவாரூர் செல்லவிருக்கிறோம். இம்முறை குடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கப்போவதில்லை.