முடிந்த நாள் எது?

எங்கள் பக்கத்துக் கலைக் கல்லூரிகளில் படிப்பு முடிந்த கையோடு பட்டமளிப்பு விழா நடப்பதில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து சான்றிதழ்கள் வர வேண்டும், சிறப்பு விருந்தினருக்குத் தேதி ஒத்துவர வேண்டும். அதற்குள் ஓராண்டு ஓடிவிடும். அண்ணன் மகள் பி.காம். முடித்தது 2023 கோடையில். மேடையேறியது அடுத்த ஆண்டு. இதற்கிடையே திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் அவள் பழைய ஆளாகியிருந்தாள். “நாளைக்குத் தேதி 20 அத்தை, ஜிஎஸ்டி தாக்கல் பண்ணணும். ராத்திரி பஸ் பிடிச்சே ஆகணும்” என்று சொல்லிக்கொண்டுதான் அரங்குக்குள் போனாள்.

வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. ஒருத்திக்குப் பச்சைக் குழந்தை. இன்னொருவனுக்கு ஓசூரில் ஷிப்ட் மாற்ற ஆள் கிடைக்கவில்லை. அவர்கள் பட்டத்தை அலுவலக ஜன்னலில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார்கள்.

கறுப்பு அங்கி வாடகைக்கு. அதற்கு முன்பணமும் உண்டு. புகைப்படக்காரர் சினிமாவில் வருவதுபோலத் தொப்பியை உயரே வீசச் சொன்னார். தொலைந்தால் முன்பணம் போய்விடும் என்பதால் இவர்கள் வீசியது தலைக்கு மேல் ஒரு சாண். 2010இல் போபாலில் நடந்த பட்டமளிப்பு விழாவில் அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், இந்த அங்கி காலனிக் காலத்து மிச்சம் என்று சொல்லி மேடையிலேயே கழற்றிப் போட்டார். நியாயம்தான், நம் ஊர் வெயிலுக்கு இன்னும் நியாயம். ஆனால் எட்டாவதோடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட எங்கள் அண்ணி, மகளிடமிருந்து அந்த அங்கியை வாங்கித் தானும் போட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு அமைச்சர் பக்கம் பேச எனக்கு மனம் வரவில்லை.

1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம்பிள்ளை, பின்னாளில் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். அன்று பட்டம் வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று தெருவுக்குப் பத்துப் பேர். ஆனாலும் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பட்டத்தின் எழுத்துகளைப் போடாமல் விட்டுப் பாருங்கள், சம்பந்தி வீட்டிலிருந்து போன் வரும். அண்ணிக்கு அன்று கிடைத்தது அந்த எழுத்துகள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

மகளுக்குக் கிடைத்தது என்ன என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் என்று சொல்கிறோமே தவிர, பருவத்துக்கு 90 வேலை நாள், ஆறு பருவத்துக்கு 540. அதில் 75 சதவீதம் வந்தால் போதும்: 405 நாள். 2020இல் சேர்ந்த இவர்களுக்கு முதல் வருடத்தின் பெரும்பகுதி கைபேசித் திரையில் போனது. வகுப்புத் தோழியின் உயரம் என்னவென்றே இரண்டாம் வருடத்தில்தான் தெரிந்ததாம். மிஞ்சிய நாட்களிலும் எதற்கு மட்டம் போடலாம் என்பதே பேச்சு. வருகை குறைந்தவர்கள் அதை மன்னிக்கச் சொல்லி ‘காண்டனேஷன்’ கட்டணம் வேறு கட்டினார்கள். காசு கொடுத்து வாங்கிய விடுப்பு.

“கடைசியா எல்லாரும் ஒண்ணா இருந்தது எப்போடி?” என்று கேட்டேன். அவளால் சட்டென்று சொல்ல முடியவில்லை. பிரிவு உபசார விழாவில் புடவை கட்டி அழுதாகிவிட்டது, ஆனால் அதற்குப் பிறகும் மாதிரித் தேர்வுக்கு வந்தார்கள். பல்கலைக்கழகத் தேர்வில் ஆளுக்கொரு அறை. “கடைசிப் பேப்பர் அன்னிக்கு நான் கால் மணி நேரம் முன்னாடியே கொடுத்துட்டு ஓடிட்டேன் அத்தை. ஒரு மணி பஸ்ஸை விட்டா சாயங்காலம்தான். மணி அடிச்சப்பறம் வெளிய வந்தவங்க யாரும் என்னைப் பாக்கலையாம்.”

அழுகை முன்கூட்டியே நடந்துவிட்டது, கைதட்டல் ஓராண்டு கழித்து நடக்கிறது. உண்மையில் முடிந்த அந்த மத்தியானத்துக்கு மட்டும் எந்த ஏற்பாடும் இல்லை. கல்லூரி முதல்வர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு யோசனை: கடைசித் தேர்வன்று மணியடித்த பிறகு ஒரு வகுப்பறையைப் பூட்டாமல் விடுங்கள், டீயும் போண்டாவும் போதும். சிறப்பு விருந்தினர் வேண்டாம். அந்த ஒரு மணி பஸ்ஸை அன்றைக்கு மட்டும் இரண்டு மணிக்கு எடுக்கச் சொல்லி டிப்போ மேலாளருக்கு ஒரு கடிதம் போட்டுவிடுங்கள்.